பெருங்களத்தூரின் பழைய கார்களும் நம் கையில் உள்ள அமானிதமும்



தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பழைய கார்களைத் தேடிச் சென்று, இன்ன கார், இன்ன ஆண்டு என்று இனங்கண்டு, இயன்றால் பழுது நீக்கி ஓடவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நண்பர்கள் நாங்கள் ஐவர். ஒருவர் பள்ளி ஆசிரியர்; ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார்; மற்ற இருவரும் கணினி நிறுவன ஊழியர்கள். மெக்கானிக் தொழிலை முறையாகக் கற்றவர் எங்களில் எவருமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து கூடுவோம். லுஹருக்கு பாங்கு சொல்லும்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவோம்.

"இந்தப் பழைய இரும்பில் அப்படி என்ன இருக்கிறது?" என்று வீட்டாரும் பள்ளிவாசலில் சந்திப்பவர்களும் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கு விடையாக எங்கள் பகுதிக் கார்களைப் பற்றிச் சில செய்திகளையும், 2022ஆம் ஆண்டில் முடிச்சூரில் ஒரு குடும்பத்தின் காரை இனங்காணச் சென்றபோது நடந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

நம் ஊரில் பிறந்த கார்

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைக் கடந்து வண்டலூர் நோக்கிச் செல்வோர் பெருங்களத்தூரில் உயர்ந்த கணினி நிறுவனக் கட்டடங்களைக் காண்பர். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தின் கார் ஆலை இயங்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும், யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்னும் இந்திய நிறுவனமும் கூட்டாக 1948இல் தொடங்கியது அது. முதலில் வேன்கார்டு என்னும் கார் வந்தது. 1950களில் ஸ்டாண்டர்டு எய்ட், ஸ்டாண்டர்டு டென் என்னும் சிறிய கார்கள் வந்தன. 1961இல் ஹெரால்டு வந்தது.

நம் பெற்றோர் காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களைப் பெரும்பாலும் மூன்று பெயர்களில் அடக்கிவிடலாம். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயின் குர்லாவில் ஃபியட், நம் பெருங்களத்தூரில் ஹெரால்டு. டாக்டர்களும் பேராசிரியர்களும் விரும்பி வாங்கிய கார் என்று ஹெரால்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. பிரிட்டனில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்து, 1971 வரை அங்கே தயாரிக்கப்பட்டது. அக்காலத்தில் மற்ற சிறு கார்கள் எல்லாம் உடலும் சேசிஸும் ஒன்றேயான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சேசிஸின் மேல், பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு இணைத்த உடலைக் கொண்டது. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே பாகமாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் என்பதால் குறுகிய தெருக்களுக்கு ஏற்ற வண்டி.

பிரிட்டனில் எஞ்சின் 948 சி.சி.யிலிருந்து படிப்படியாகப் பெரிதாக, இந்திய ஹெரால்டு கடைசிவரை 948 சி.சி.யோடு நின்றது. அதற்கு மாறாக, பிரிட்டனில் ஒருபோதும் இல்லாத ஒன்று இங்கே பிறந்தது. 1968இல் வெளிவந்த மார்க் 3 ஹெரால்டுக்கு நான்கு கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு சென்னையைத் தவிர உலகில் வேறெங்கும் தயாரிக்கப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதே எஞ்சினோடு, முன்முகமும் பின்பகுதியும் மாறிய கெஸல் வந்தது. 1977இல் கார் தயாரிப்பு நின்று, ஸ்டாண்டர்டு 20 என்னும் வேன் மட்டும் தொடர்ந்தது. 1985இல் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலுக்குள் பழைய வேன்கார்டின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 வெளியிடப்பட்டது. அது விற்பனையில் நிலைக்கவில்லை. 1988இல் உற்பத்தி முடிவுக்கு வந்தது. 2006இல் நிறுவனமே கலைக்கப்பட்டது.

தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் வீடுகளில் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் வாழ்கின்றனர். எங்களுக்கு அமெரிக்க, ஜெர்மானியக் கார்களைவிட ஸ்டாண்டர்டு கார்களின் மேல் ஈடுபாடு மிகுந்ததற்குக் காரணம் இதுவே.

இனங்காணும் முறை

பழைய காரின் பெயர்ப்பலகையும் முன் கிரில்லும் விளக்குகளும் ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடியவை. ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அவற்றை மாற்றியிருக்கும். ஆகவே மாற்றுவதற்குக் கடினமானவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பதே நாங்கள் கற்ற முதல் பாடம்.

நான்கு கதவு இருந்தால் அது கெஸல் என்று பலர் முடிவுகட்டுவர். மார்க் 3 ஹெரால்டுக்கும் நான்கு கதவு உண்டு. இரண்டையும் பிரித்தறியப் பின் ஆக்ஸிலைப் பார்க்க வேண்டும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் அரை ஆக்ஸில்கள் தனித்தனியே ஆடும். குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் கட்டு ஓடும். காரின் பின்பகுதியை ஜாக்கி வைத்து உயர்த்தினால் சக்கரங்கள் இரண்டும் கீழே தொங்கி, அவற்றின் அடிப்பகுதி உட்புறமாகச் சாயும். இந்த அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்குவோருக்கும் பிடிக்காமல் போகவே, கெஸலில் இரு சக்கரங்களையும் ஒரே விறைப்பான குழாய் இணைக்கும் ஆக்ஸிலை வைத்தார்கள். அதை உயர்த்தினால் சக்கரங்கள் நேராகவே நிற்கும்.

அடுத்தது உடல். சட்டைப்பையில் ஒரு சிறிய காந்தத்தை வைத்திருப்போம். தகரத்தில் ஒட்டும் காந்தம், பட்டி தடித்துப் பூசிய இடத்தில் ஒட்டாமல் விழுந்துவிடும். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, தரைத்தகடு ஆகிய இடங்களில் இதைச் செய்து பார்த்தால் பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு தகரம் மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு எண்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் பிளாக்கில் குத்திய எண்ணையும் துடைத்துப் படித்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பழைய ஆர்.சி. கையால் எழுதப்பட்ட சிறு புத்தகமாக இருக்கும். எம்.எஸ். அல்லது எம்.டி. என்று தொடங்கும் பதிவெண்ணைக் கண்டால் பழைய பதிவு என்று அறியலாம். மாவட்ட எண்ணோடு கூடிய இன்றைய டி.என். வரிசை 1989இல்தான் வந்தது.

முடிச்சூர் வீட்டுக் கார்

எங்களில் ஒருவருக்குத் தெரிந்தவர் வழியாக அழைப்பு வந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஒரு கார் நிற்கிறது. அது என்ன கார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த வீட்டின் பெரியவர் பெருங்களத்தூர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை நின்றபின் சவூதிக்குச் சென்று, திரும்பி வந்து, 1993இல் பழைய விலைக்கு இந்தக் காரை வாங்கியிருக்கிறார். 2009இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அன்று நின்ற கார் நின்றபடியே இருந்தது.

வீட்டில் அவருடைய மனைவியும் இளைய மகனும் இருந்தனர். மூத்த மகன் ஷார்ஜாவில்; மகள் மணமாகிக் கீழக்கரையில். இளைய மகன் கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அறை கட்ட எண்ணியிருந்தார். தரகர் ஒருவர் முந்தின வாரமே வந்து பார்த்துவிட்டு, "எழுபத்து நாலாம் வருஷத்துக் கெஸல் வண்டி, அதுவும் வெள்ளத்தில் கிடந்தது. இருபதாயிரம் தருகிறேன், எடைக்குப் போட்டாலும் அவ்வளவுதான் வரும்" என்று சொல்லிச் சென்றிருந்தார். ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. பழைய இரும்புக் கணக்கில் அவர் சொன்னது தவறில்லை.

முன் கிரில் கெஸலுடையதுதான். ஆனால் பின்பகுதியை ஜாக்கி வைத்து உயர்த்தியபோது சக்கரங்கள் இரண்டும் உட்புறம் சாய்ந்து தொங்கின. உள்ளே படுத்துப் பார்த்தோம். குறுக்கு ஸ்பிரிங் கட்டும், சேசிஸில் பொருத்திய டிஃபரன்ஷியலும் அப்படியே இருந்தன. நான்கு கதவு, ஆடும் ஆக்ஸில், 948 சி.சி. எஞ்சின். இது மார்க் 3 ஹெரால்டு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எந்த ஆண்டு என்பதற்கு ஆர்.சி. புத்தகம் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று மகனுக்குத் தெரியவில்லை.

"தம்பி, பரணில் ஒரு பச்சைப் பை இருக்கும். வண்டிச் சாமான் என்று உங்கள் அத்தா அதில்தான் போட்டு வைப்பார்" என்றார் அந்தப் பெரியம்மா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர் நின்றது. பரணில் இருந்ததால் பை தப்பியிருந்தது. உள்ளே ஆர்.சி. புத்தகமும், கோடு போட்ட ஒரு சிறு நோட்டும் இருந்தன. முதற்பதிவு 1969. எண்கள் இரண்டும் பொருந்தின.

அந்த ஆண்டுக்கு ஒரு பொருள் உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாமல் மூல நிலையில் பேணப்படும் கார்களும் இருசக்கர வாகனங்களும் விண்டேஜ் வாகனமாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். ஏற்கெனவே பதிவு பெற்றவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. 2022இல் எழுபத்து நாலாம் ஆண்டுக் கெஸலுக்கு அந்தத் தகுதி இல்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டு ஹெரால்டுக்கு உண்டு. ஆர்வலர் ஒருவர் இதற்குக் கொடுக்கும் விலை, இரும்புக்கடை விலையைப் போல் பல மடங்கு.

விலை சொல்லும் இடம்

இந்தப் பொழுதுபோக்கு நம்மைச் சோதிக்கும் இடம் இதுதான். எங்களில் மூவருக்கு அந்தக் கார் வேண்டும் என்ற ஆசை எழுந்துவிட்டது. விற்பவருக்குப் பொருளின் மதிப்புத் தெரியாது. வாங்க விரும்புபவருக்குத் தெரியும். தரகர் சொன்னதற்கு மேல் பத்தாயிரம் வைத்துக் கொடுத்தாலே அந்த வீட்டார் மகிழ்ந்து கொடுத்துவிடுவார்கள். சந்தையில் இதைத் திறமை என்று சொல்வார்கள்.

எங்களில் மூத்தவர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நினைவூட்டினார். அவர்களுக்காகப் பணியாளர் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி, அதன் உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதைவிட மதிப்புள்ளது என்று உரிமையாளரிடம் சொல்லி, நானூறு, ஐந்நூறு என்று தாமே விலையை உயர்த்தி, எண்ணூறு திர்ஹத்துக்கு வாங்கினார்கள். காரணம் கேட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் தாம் பைஅத் செய்திருப்பதைச் சொன்னார்கள். அன்றைய வாகனம் குதிரை. வாங்குபவரே விலையை ஏற்றினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நலம் நாடுவது ஒரு பக்கமாக மட்டும் இருக்க முடியாது. மதிப்பை மறைக்கக் கூடாது என்பது போலவே குறையையும் மறைக்கக் கூடாது. நாளை அவர்கள் இதை வேறொருவருக்கு விற்றாலும் வாங்குபவர் ஏமாறக் கூடாது. கதவின் உட்பலகையைக் கழற்றியபோது பாதி உயரத்தில் வண்டல் படிந்த கோடு தெளிவாகத் தெரிந்தது. முன் தரைத்தகடுகள் இரண்டும் விரலால் குத்தினால் உதிர்ந்தன. எஞ்சின் இறுகியிருந்தது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு வியாபாரியிடம் கேட்டதும், மழையில் நனைந்தது என்று அவர் சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்ததும் நாம் அறிந்தவை. மழை அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. முடிச்சூரை மூழ்கடித்த மழையும் அவ்வாறே.

ஆகவே ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். கார் இன்னது, ஆண்டு இன்னது, எண்கள் பொருந்துகின்றன. கிரில் மாற்றப்பட்டது, வெள்ளத்தில் நின்றது, எங்கெங்கே துரு, எந்தெந்தப் பாகம் இல்லை. இரும்புக்கடை தரக்கூடியது இவ்வளவு; இந்த நிலையில் ஓர் ஆர்வலர் தரக்கூடியது ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையில். எங்களில் மூவருக்கு இதை வாங்கும் எண்ணம் இருக்கிறது என்பதையும் எழுதினோம். வேறு இருவரிடமாவது காட்டி விலை கேளுங்கள், அதுவரை நாங்கள் விலை சொல்ல மாட்டோம் என்று கூறிவிட்டு வந்தோம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் அமைப்புகள் இருப்பதையும் சொன்னோம்.

பங்கு

மூன்று வாரம் கழித்து அவர்களே அழைத்தார்கள். கேட்டவர்களில் உயர்ந்த விலையாக ஒருவர் 1,15,000 சொல்லியிருந்தார். நாங்கள் 1,25,000 தருவதாகச் சொன்னோம், ஒப்புக்கொண்டார்கள். அப்போது அந்தப் பெரியம்மா, "இது உங்கள் மாமாவுடைய பொருள். என் மகளைக் கேட்காமல் விற்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது மார்க்கத்தின்படியும் சட்டத்தின்படியும் சரி. வீட்டையும் நகையையும் பங்கிடும் குடும்பங்கள், கொட்டகையில் நிற்கும் காரை ஏனோ பங்கில் சேர்ப்பதில்லை. யார் அந்த வீட்டில் இருக்கிறாரோ அவருடையதாக அது ஆகிவிடுகிறது. மகளுக்குச் சேர வேண்டியது இரும்புக்கடைக்குப் போய்விடுகிறது. கீழக்கரையிலிருந்த மகளும் ஷார்ஜாவிலிருந்த மகனும் தொலைபேசியில் சம்மதம் சொன்னார்கள். பின்னர் எழுத்திலும் தந்தார்கள்.

அடுத்து அந்தக் கோடு போட்ட நோட்டு. பெட்ரோல் போட்ட நாள், லிட்டர், ஆயில் மாற்றிய நாள், டயர் வாங்கிய விலை என்று பதினாறு ஆண்டுக் கணக்கும் அதில் இருந்தது. காரின் வரலாற்றை அறிய அதை நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்தோம். எழுதிய கடைசிப் பக்கத்தில், கியர்பாக்ஸ் வேலைக்காக மெக்கானிக்குக் கொடுக்க வேண்டியது 5,000 என்று இருந்தது. கொடுத்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அந்த மெக்கானிக்கும் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் இரும்புலியூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார்.

"அவர் அத்தாவே மறந்திருப்பார், அம்மா" என்றார் இளைய மகன்.

"உங்கள் அத்தா மறக்கவில்லையே, எழுதி வைத்திருக்கிறார்" என்றார் பெரியம்மா.

இறந்தவரின் சொத்திலிருந்து அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு என்பது நாம் ஓதியறிந்த வரிசை. முதலில் 5,000 ரூபாய் இரும்புலியூருக்குப் போனது. மெக்கானிக்கின் மகன் அதைத் தம் தாயாரிடமும் சகோதரிகளிடமும் சொல்லிப் பங்கிட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

மீதி 1,20,000. பெரியவரின் பெற்றோர் அவருக்கு முன்பே இறந்துவிட்டனர். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 15,000. எஞ்சிய 1,05,000 மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் ஐந்து கூறாகி, மகன்கள் ஒவ்வொருவருக்கும் 42,000, மகளுக்கு 21,000. கணக்கைப் போட்டுச் சரிபார்த்தவர் பள்ளிவாசல் இமாம். பெரிய தொகை அல்லதான். ஆனால் 21,000 ரூபாய் கையில் வந்தபோது, அத்தாவின் பொருளில் தம்மையும் நினைத்தார்களே என்று அந்த மகள் அழுததாகப் பெரியம்மா பின்னர் எங்களிடம் சொன்னார்.

பழுது நீக்கிய இரண்டு ஆண்டுகள்

வேலை முடிய 2024 ஆயிற்று. வாரத்துக்கு அரை நாள் மட்டுமே செலவிடுவோர்க்கு அது நீண்ட காலமன்று.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் முதலில் செய்யக் கூடாதது சாவியைத் திருப்புவது. ஆயில் தொட்டியின் திருகைக் கழற்றியபோது முதலில் தண்ணீரே வந்தது; அதன் பின்னர்தான் கறுத்த ஆயில் வந்தது. தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் விட்டோம். பிறகு கையால் மெல்லத் திருப்பினோம். முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் அசைந்தது. எஞ்சின் ஓடுவதற்கு முன்பே பிரேக்கை முழுதாகப் பிரித்துச் சரிசெய்தோம். ஓடாத வண்டியால் ஆபத்தில்லை. ஓடி நிற்காத வண்டியால் பிறர் உயிருக்கு ஆபத்து.

எஞ்சினுக்கு உதிரிகள் கிடைத்தன. பிரிட்டனில் ட்ரையம்ப் ஆர்வலர்கள் பலர் இருப்பதால் 948 எஞ்சினின் பாகங்களை இன்றும் அங்கே வாங்கலாம். கண்ணாடி ரப்பர், விளக்கு, கைப்பிடி ஆகியவற்றைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினோம். ஆனால் பின்கதவுகளுக்கு எங்கும் மாற்று இல்லை. உலகிலேயே பெருங்களத்தூரில் மட்டும் அடிக்கப்பட்ட கதவுகள் அவை. துருவேறிய அடிவிளிம்பை நான்கு அங்குலம் வெட்டி, புதுத்தகடு வைத்து, பழைய வளைவுக்கே தட்டிச் சேர்த்தார் டிங்கர் வேலை பார்க்கும் முதியவர் ஒருவர். அந்தத் தொழிலின் நுட்பத்துக்கு அவரிடமிருந்து நாங்கள் கற்றது அதிகம். வேலை முடிந்த அன்றே அவருக்குக் கூலியைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

வீண்விரயம் ஆகிவிடாதா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறோம். அதற்காகச் சில வரம்புகளை வைத்திருக்கிறோம். மாதந்தோறும் ஒவ்வொருவரும் குறித்த தொகைக்கு மேல் செலவிடுவதில்லை. இதற்காகக் கடன் வாங்குவதில்லை. ஜமாஅத் தொழுகையை விடுவதில்லை. வீட்டில் திருமணமோ நோயோ இருந்தால் அந்த மாதம் பட்டறைப் பக்கம் வருவதில்லை. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் நம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) தம் தோழர் அபுத் தர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துச் சொன்னதும், அதை நபி (ஸல்) அவர்கள் உண்மை என்று உறுதிப்படுத்தியதும் எங்களுக்கு வழிகாட்டி.

கார் ஓடத் தொடங்கியதும் முடிச்சூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். பெரியம்மா முன்சீட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் டேஷ்போர்டைத் துடைத்தார். "பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சோக்கை இழுப்பார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டோம். நாங்கள் ஒரு நகல் வைத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கார் நின்றால்

வாசகர்களின் வீடுகளிலும், சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும், அத்தாவோ வாப்பாவோ விட்டுச் சென்ற கார் அல்லது ஸ்கூட்டர் நிற்கலாம். அத்தகையோர்க்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, படிவம் 26 வழியாக நகலுக்கு விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் இறந்திருந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். காலம் கடந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பிறர் பெயரில், அதுவும் இறந்தவர் பெயரில் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால் அந்தச் சுமை குடும்பத்தின் மேல் விழும்.

இரண்டாவது, தரகர் வருமுன் வண்டியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவரும் வாங்க விரும்புபவரானால், அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது, விற்பதற்கு முன் வாரிசுகள் அனைவரையும் கேளுங்கள். குறிப்பாகத் திருமணமாகி வெளியூர் சென்ற சகோதரிகளைக் கேளுங்கள். அவர்களாக விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் விருப்பம். கேட்காமல் விட்டால் அது நம் பொறுப்பு.

நான்காவது, வண்டியோடு கிடக்கும் காகிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். ரசீதும் நோட்டும் வண்டியின் வயதைச் சொல்லும். தீர்க்கப்படாத கடனையும் அவை சொல்லக்கூடும்.

முடிச்சூர்ப் பெரியவரின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர் எழுதி வைத்த கணக்கைப் போல நம் கணக்குகளும் தெளிவாக இருக்க அவன் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.